பேறுகால அட்டையில் இல்லாத ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றிப் பத்திரிகைகள் இப்போது அடிக்கடி எழுதுகின்றன. நல்லதுதான். ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே தடத்தில் ஓடுகின்றன: ஹார்மோன் மாறுகிறது, அதனால் தாய் அழுகிறாள், குடும்பம் அனுசரணையாக இருக்க வேண்டும். அத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. யாருக்கு வர வாய்ப்பு அதிகம், அதை எப்போது, எப்படிக் கண்டுகொள்வது என்கிற பகுதி விடுபட்டுப் போகிறது. மகப்பேற்றுப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் வேலை செய்கிற எங்களுக்கு இருக்கும் ஆதங்கம் அதுதான். இந்த நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் கனமானவை பெரும்பாலும் குழந்தை பிறப்பதற்கு முன்பே இருப்பவை. கேட்டால் தெரியும். கேட்பதில்லை.

முதலில் சொல்லைப் பற்றி. வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும் 'மன அழுத்தம்' என்றுதான் எழுதுகிறோம், இந்த நோய்க்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். வாசிக்கும் பெண், 'எனக்கு அழுத்தம் எதுவும் இல்லையே, எல்லாரும் நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறார்கள்' என்று தாளைப் புரட்டிவிடுவாள். மனச்சோர்வு வேறு. எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பிள்ளையைக் கையில் வைத்திருந்தும் மனசு ஒட்டாமல் இருப்பது, 'நான் நல்ல தாய் இல்லை' என்ற குற்ற உணர்ச்சி, காரணமில்லாத பயம், எரிச்சல் எல்லாம் அதில் அடங்கும். அழுகை இல்லாமலும் வரும். இவை அன்றாடம், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு என்று சந்தேகிக்க வேண்டும்.

அதைவிட லேசான ஒன்று, கடுமையான ஒன்று என இரண்டு நிலைகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரசவமான 2, 3ஆம் நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவதும், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வருவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரக்கூடியது. 4, 5ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். இதற்கு மருந்து தேவையில்லை. 'பச்சை உடம்புக்கு இதெல்லாம் சகஜம்' என்று பெரியவர்கள் சொல்வது இந்த இரண்டு வாரத்துக்குப் பொருந்தும். ஆறாவது வாரத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அங்கே நோய் கவனிக்கப்படாமல் போகிறது. மறுமுனையில் இருப்பது மனப்பிறழ்வு, அதாவது நிஜம் எது என்றே தெரியாமல் போகும் நிலை. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருவது. அது அவசர சிகிச்சைக்குரியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நடுவில் இருக்கும் மனச்சோர்வு எத்தனை பேருக்கு வருகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலக அளவில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம். வளரும் நாடுகளில் 20 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயைவிட இது அபூர்வமான ஒன்றல்ல. ஆனால் சர்க்கரைக்கு எல்லாருக்கும் பரிசோதனை உண்டு. இதற்குப் பெரும்பாலான இடங்களில் எதுவும் இல்லை.

இனி ஹார்மோன். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் செங்குத்தாகச் சரிகின்றன. இது எல்லாத் தாய்மாருக்கும் நடப்பது. அப்படியானால் ஏன் எல்லாருக்கும் நோய் வரவில்லை? 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய, ஆனால் சாமர்த்தியமான ஆய்வு இதற்கு விடை தேடியது. கர்ப்பமில்லாத 16 பெண்கள். அவர்களில் 8 பேருக்கு முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது, மற்ற 8 பேருக்கு வந்ததில்லை. எல்லாருக்கும் மருந்து மூலம் கர்ப்பகால அளவுக்கு இந்த ஹார்மோன்களை ஏற்றிவைத்து, 8 வாரத்துக்குப் பின் சட்டென்று நிறுத்தினார்கள். முன்பு நோய் வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை சரிந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹார்மோன் அளவு இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். அந்தச் சரிவைத் தாங்கும் மூளையின் தன்மைதான் வேறு. ஆகவே 'ஹார்மோன் கோளாறு, ரத்தத்தில் பார்த்துவிடலாம்' என்று நினைப்பது வீண். இந்த ஹார்மோன்களை அளந்து யாருக்கு நோய் வரும் என்று சொல்ல முடியாது. எளிதில் பாதிக்கப்படும் தன்மை யாருக்கு இருக்கிறது என்பதை அவர்களுடைய கடந்தகாலம்தான் சொல்லும்.

அதனால்தான் பழைய மனச்சோர்வும் பதற்ற நோயும் ஆபத்துக் காரணிகளில் முதல் இடத்தில் நிற்கின்றன. முந்தைய பிரசவத்துக்குப் பின் வந்திருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குக் குறையாது. பாதி வரைக்கும் போகலாம். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இப்படி வந்திருந்தாலும் ஆபத்து கூடுகிறது. மனநோய் உள்ள குடும்பத்தில் பிறந்த பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வாழ்க்கையே கெட்டுப்போகும் அளவுக்கு மனநிலை மாறுகிற பெண்களையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். ஹார்மோன் சரிவுக்கு அவர்கள் உடம்பு எப்படி எதிர்வினை செய்யும் என்பதற்கு மாதாமாதம் ஒரு முன்னோட்டம் கிடைக்கிறது.

கேட்கும் விதத்தில்தான் காரியம் கெடுகிறது. 'மனநோய் ஏதாவது இருந்ததா?' என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் இல்லை என்பார்கள். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பத்துப் பேரும் இல்லை என்பார்கள். நிகழ்ச்சியாகக் கேட்க வேண்டும். 'எப்போதாவது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசை இல்லாமல், எழுந்து வேலை பார்க்கவே முடியாமல் இருந்ததுண்டா?', 'தூக்கத்துக்கோ மனசுக்கோ மாத்திரை சாப்பிட்டதுண்டா, யார் எழுதிக் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினீர்கள்?', 'போன பிள்ளை பிறந்த பிறகு முதல் ஆறு மாதம் எப்படி இருந்தது?' கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்போது முகத்தையும் பார்க்க வேண்டும்.

இதோடு இன்னொரு கேள்வியும் கட்டாயம்: 'எதிர்மாறாக, தூக்கமே தேவைப்படாமல், நாள்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகமும் பேச்சும் செலவும் ஓட்டமுமாக இருந்ததுண்டா?' மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயைப் பிடிக்கும் கேள்வி இது. 2013இல் வெளியான, 10,000 தாய்மாரைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு இருக்கலாம் என்று வடிகட்டப்பட்டவர்களை விரிவாகப் பரிசோதித்தபோது 22.6 சதவீதம் பேருக்கு இருந்தது இருமுனை நோய். அவர்களுக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் மறுகோடிக்குத் தாவிவிடக்கூடும். பிரசவத்துக்குப் பின் மனப்பிறழ்வு வரும் ஆபத்தும் இவர்களுக்குத்தான் மிக அதிகம்: சுமார் ஐந்தில் ஒருவருக்கு. இவர்களுக்கான மருந்து, பிரசவத் திட்டம், தூக்க ஏற்பாடு எல்லாம் கடைசி மூன்று மாதம் தொடங்குவதற்குள் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. நோய் எப்போது தொடங்கியது என்று பார்த்தால், பிரசவத்துக்குப் பின் தொடங்கியது 40 சதவீதம்தான். 33 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலத்திலேயே தொடங்கிவிட்டது. மீதிப் பேருக்குக் கருத்தரிக்கும் முன்பே இருந்தது. 'பிரசவத்துக்குப் பிந்தைய' என்ற பெயரே நம்மைத் தவறான தேதியில் தேட வைக்கிறது. கர்ப்பிணி சோர்ந்திருந்தால் 'மசக்கை', தூங்காவிட்டால் 'வயிறு பெரிசாகிவிட்டது', அழுதால் 'பயம்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கையில் தயாராக இருக்கிறது. கர்ப்பகாலப் பதற்றம் தனியாகவே ஒரு காரணி: எந்நேரமும் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற நினைப்பு, ஸ்கேன் எடுத்து எல்லாம் சரி என்று சொன்ன மறுநாளே மீண்டும் அதே பயம். சோகமாக இல்லாததால் இவர்களை யாரும் மனச்சோர்வுக்கு அருகில் வைத்துப் பார்ப்பதில்லை.

கருத்தரித்தது தெரிந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது இதில் வரும் பெரிய விபத்து. பழைய மனச்சோர்வு உள்ள 201 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். அவர்கள் பெரும்பாலும் கடுமையான, பலமுறை திரும்பிய நோய் உள்ளவர்கள் என்பதால் இந்த எண்ணை எல்லாருக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. பின்னால் வந்த ஓர் ஆய்வில் இவ்வளவு வித்தியாசம் தெரியவுமில்லை. ஆனாலும் நிறுத்துவதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இருமுனை நோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்புரோயேட் போன்ற சில மருந்துகளைக் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும், கருவுக்குக் கேடு. அதைக்கூடக் கருத்தரிப்பதற்கு முன்பே செய்வதுதான் முறை.

அடுத்த கனமான காரணி வீட்டுக்குள் இருக்கிறது. கணவன் மனைவி உறவில் விரிசல், துணையில்லாமை, அண்மையில் நடந்த இழப்பு, வேலை போனது, இடம் பெயர்ந்தது, கடன். 'குடும்ப ஆதரவு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தங்களுக்கு இருக்கிறது என்பார்கள். அதை எண்ணிப் பார்க்கும்படி கேட்கலாம்: இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் உங்களைத் தவிர யார் எழுந்திருப்பார்கள்? உதவிக்கு வருகிறவர் எந்தத் தேதியில் திரும்பிப் போகிறார்? நீங்கள் குளிக்கிற அரை மணி நேரம் பிள்ளையை யாரிடம் கொடுப்பீர்கள்? மனதில் இருப்பதை யாரிடம் சொல்வீர்கள்? உதவி செய்ய ஆள் நிறைந்திருந்தும், ஒவ்வொருவரும் குறை சொல்லிக்கொண்டே இருக்கிற வீட்டில் அந்த ஆட்கள் ஆதரவுக் கணக்கில் வரமாட்டார்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதல்ல, தனக்கு ஆதரவு இருக்கிறது என்று அந்தப் பெண் உணர்கிறாளா என்பதுதான் நோயோடு தொடர்புடையது. பிறந்த பிள்ளையின் பாலினத்தைக் குறையாகப் பேசும் வீடுகளையும் இங்கேதான் சேர்க்க வேண்டும்.

துணைவரின் வன்முறை இதில் தனி இடம் பெறும். அடி மட்டுமல்ல, மிரட்டல், பணத்தைக் கையில் கொடுக்காமை, வற்புறுத்தி உறவுகொள்வது எல்லாம் சேர்ந்தது. இதைத் தனியறையில், உறவினர் யாரும் இல்லாமல்தான் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்புக்குக்கூடக் குடும்பத்தாரை வைத்துக்கொள்ளக் கூடாது. எடை பார்க்கவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ உள்ளே அழைக்கும் சில நிமிடங்கள் அதற்குப் போதும். பதிலை வீட்டுக்குப் போகும் அட்டையில் எழுதக் கூடாது. ஆஸ்பத்திரியில் இருக்கும் கோப்பில் எழுத வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு எழுதிவைத்த ஒரு வரி, அந்தப் பெண்ணுக்கே வினையாக முடியும்.

சிசேரியன்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். திட்டமிட்டு அமைதியாக நடந்த சிசேரியனுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. அவசரமாக, என்ன நடக்கிறது என்றே சொல்லாமல் நடந்த அறுவை, அதிக ரத்தப்போக்கு, உயிர் போய்விடும் என்று பயந்த தருணம், பிரசவ அறையில் வாங்கிய ஏச்சு ஆகியவைதான் மனதில் தங்குகின்றன. சுகப்பிரசவத்திலும் இவை நடக்கலாம். அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும், ஆஸ்பத்திரிப் பக்கமே போக மறுப்பதும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நோயின் அடையாளங்கள். அது மனச்சோர்வோடு சேர்ந்தே வரலாம். சிகிச்சை சற்று வேறு.

குறைப்பிரசவமும், பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதும் வலுவான காரணிகள். இங்கே ஒரு நிர்வாகப் பிழையும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை அந்தப் பிரிவின் நோயாளி, தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். அவளை யார் கவனிப்பது என்பது எந்தப் பிரிவின் பதிவேட்டிலும் இல்லை. தினம் வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்கிற பெண்ணிடம் பிள்ளையின் எடையைச் சொல்கிறார்கள். அவளுடைய தூக்கத்தைக் கேட்பதில்லை. இரட்டைக் குழந்தைகள், பிறவிக் குறைபாடு, முன்பு கருச்சிதைவோ குழந்தை இழப்போ கண்டு உடனே மறுபடி கருத்தரித்தது, விரும்பாத கர்ப்பம், பதின்வயதுத் தாய்மை எல்லாமே பட்டியலில் உண்டு.

தாய்ப்பால் விஷயத்தில் அறிவுரை சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சுமார் 14,000 பிரிட்டிஷ் தாய்மாரின் தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை, தாய்ப்பால் கொடுக்க விரும்பி அது கைகூடியவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றும், விரும்பியும் கைகூடாதவர்களுக்கு மிக அதிகம் என்றும் கண்டது. ஆக, காம்பு வெடிப்பும் பால் கட்டுவதுமாகத் தவிக்கிற பெண்ணுக்குத் தாய்ப்பாலின் பெருமையை எடுத்துச் சொல்வது உதவாது. பிள்ளையை மார்போடு சரியாகப் பொருத்தக் கற்றுத் தருகிற ஆள் முதல் வாரத்திலேயே பக்கத்தில் வேண்டும். முயன்றும் முடியாதபோது குற்றவாளியாக்காத வார்த்தையும் வேண்டும்.

தூக்கம் என்பது காரணியும் அடையாளமும் ஒருசேர. பிள்ளை அழுவதால் தூங்க முடியாதது எல்லாருக்கும் உண்டு. பிள்ளை தூங்கும்போதும், வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போதும் இவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது எச்சரிக்கை. ஒரே கேள்வியில் இவ்வளவு தெரிவிக்கிற கேள்வி வேறு எதுவும் இல்லை என்றே சொல்வோம். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இரவில் தொடர்ச்சியாக 4, 5 மணி நேரத் தூக்கத்தை மருந்துச் சீட்டைப் போல எழுதிக்கொடுக்கலாம்: இரவு 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுப்பது, அடுத்த பசிக்கு, பீய்ச்சி வைத்த பாலையோ மாற்றுப் பாலையோ இன்னொருவர் கொடுப்பது, 2 மணிக்கு மேல் அவள் முறை. பால் நன்றாக ஊறத் தொடங்கும் முதல் வாரங்களில் இடைவெளி அதிகமானால் மார்பு கட்டும் என்பதால், எழுந்ததும் கொடுக்கவோ பீய்ச்சவோ வேண்டும். பகலில் இருபது நிமிடமாக ஆறு முறை தூங்குவது இதற்கு ஈடாகாது. இருமுனை நோய் வரலாறு உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு வசதிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. ஓரிரு இரவு முழுக்க விழித்திருந்தாலே அவர்களுக்கு நோய் தூண்டப்படலாம்.

உடம்பில் பார்க்க வேண்டியவை இரண்டு. பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சி சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வருகிறது. முதல் சில மாதங்களில் சுரப்பு அதிகமாகிப் படபடப்பு, எடைக் குறைவு. பிறகு 4 முதல் 8 மாதத்தில் சுரப்பு குறைந்து சோர்வு, மந்தம், மலச்சிக்கல், மறதி. இரண்டாவது கட்டத்தைப் பார்த்தால் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். ஆறாவது வாரம் டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) சரியாக இருந்தது என்பதற்காக ஆறாவது மாதத்தில் பார்க்காமல் விடக் கூடாது. இன்னொன்று ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்களுக்கு ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் சுமாராக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். ரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரம் இரும்புச்சத்து மாத்திரை தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. இவற்றைச் சரிசெய்தால் மனச்சோர்வு போய்விடும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். சரிசெய்யாமல் விட்டால் மனச்சோர்வு சிகிச்சைக்குப் பிடிகொடுக்காமல் போகலாம்.

'படித்தவள், வசதியான வீடு, ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளை, இவளுக்கு எதற்கு வரும்?' என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 59 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996இல் வெளியான பகுப்பாய்வில், வயது, படிப்பு, எத்தனையாவது பிள்ளை போன்றவற்றுக்குக் குறிப்பிடும்படியான தொடர்பு தெரியவில்லை. வலுவாக நின்றவை பழைய மனநோய், கர்ப்பகால மனச்சோர்வும் பதற்றமும், உறவு விரிசல், ஆதரவின்மை, வாழ்க்கை நெருக்கடிகள். அதே பகுப்பாய்வில் வறுமைக்குச் சிறு பங்குதான் இருந்தது. ஆனால் ஏழை நாடுகளில் நடந்த பிந்தைய ஆய்வுகளில் அது பெரிதாகவே தெரிகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பட்டியலில் உள்ள எதுவும் தனியாக விதியை எழுதுவதில்லை. இரண்டு மூன்று காரணிகள் சேரும்போது ஆபத்து ஏறுகிறது. ஒன்றுமே இல்லாதவருக்கும் வருகிறது. ஆகவே காரணிகளைக் கேட்பது யாரைக் கூடுதலாகக் கவனிப்பது என்று முடிவுசெய்ய. வடிகட்டும் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டும்.

அந்தப் பரிசோதனைக்கு 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. கடந்த 7 நாளைப் பற்றி மட்டும் கேட்கும். ஐந்து நிமிடம் போதும். பசி, களைப்பு, உடல்வலி பற்றி அது கேட்பதில்லை. அவை எல்லாத் தாய்மாருக்கும் இருக்கும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க நல்ல வாய்ப்பு. 10 முதல் 12 வரை என்றால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். தமிழ் உட்படச் சில மொழிபெயர்ப்புகளில் இன்னும் குறைந்த எண்ணே பொருத்தமாக இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. எண் நோயை முடிவு செய்வதில்லை. யாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது.

எளிய தாள்தான், ஆனால் அதிலும் சறுக்குகிறோம். 1, 2, 4ஆம் கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் தலைகீழாக 3, 2, 1, 0. இதைக் கவனிக்காமல் கூட்டினால் நோயாளி நலமாகவும் நலமானவர் நோயாளியாகவும் தெரிவார்கள். வார்டில் பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கும்படி வாசித்துக் காட்டினால் எல்லாருக்கும் பூஜ்யம்தான் வரும். பிரசவமான 3ஆம் நாளில் கொடுத்தால் அந்தச் சில நாள் அழுகை மதிப்பெண்ணாக ஏறிவிடும். கூட வந்தவர் பேனாவை வாங்கி நிரப்பிக் கொடுப்பதும் நடக்கிறது. இவை எல்லாவற்றையும்விட மோசமானது, மொத்தம் 7 வந்தது என்று நிம்மதியாகக் கோப்பில் செருகிவிட்டுப் பத்தாவது கேள்வியைப் பார்க்காமல் விடுவது. தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்தைக் கேட்பது அது. அதில் பூஜ்யம் தவிர வேறு எதுவாக இருந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒருவர் அவளோடு தனியாகப் பேச வேண்டும்: எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, வழி ஏதும் யோசித்திருக்கிறாளா, இன்றிரவு உடன் யார் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பதால் தற்கொலை எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

எப்போது பார்ப்பது? கர்ப்பத்தின் முதல் சந்திப்பில் ஒருமுறை, கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறை, பிரசவத்துக்குப் பின் 6 வாரத்தில், பிறகு பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் நாட்களில் ஓராண்டு வரை. தாய் தனக்காக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். பிள்ளைக்காகத் தவறாமல் வருவாள். ஊசி போட்ட பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதா என்று காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் வீணாகத்தானே போகிறது?

ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் காத்திருக்கத் தேவையில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அல்லது உறவுசார் உளச்சிகிச்சை முறையிலான ஆலோசனையை நோய் வருவதற்கு முன்பே தொடங்கலாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2019இல் பரிந்துரைத்தது. மனநல மருத்துவர் கிடைக்காத இடங்களிலும் வழி இருக்கிறது. பாகிஸ்தானின் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளை வீட்டுக்கே போய்ச் சந்திக்க வைத்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 23 சதவீதம் பேருக்கே நோய் நீடித்தது. வெறும் வழக்கமான சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். 2008இல் வெளியான இந்த முடிவுக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைக் கையேடாகவே வெளியிட்டது.

மருந்து தேவைப்படும் அளவுக்கு இருந்தால், 'பால் கொடுக்கிறாயே, மாத்திரை கூடாது' என்று தடுப்பது தவறு. மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. அதனால்தான் பாலூட்டும் தாய்மாருக்கு அது பெரும்பாலும் முதல் தேர்வு. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு வாரம் வரை. முதல் வாரத்தில் குமட்டலும் கொஞ்சம் படபடப்பும் வரும். அப்போது நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தெளிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுரானலோன் 14 நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை, சில நாட்களிலேயே பலன் தெரியும். ஆனால் தூக்கக் கலக்கம் அதிகம், சாப்பிட்ட 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது.

மனப்பிறழ்வைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். தூக்கமே இல்லாமல் துறுதுறுவென்று இருப்பது, குழப்பமான பேச்சு, மணிக்கு மணி மாறும் மனநிலை, காதில் குரல் கேட்பது, பிள்ளை தன்னுடையதல்ல என்றோ அதற்கு ஏதோ தெய்வ சக்தி அல்லது தீய சக்தி இருக்கிறது என்றோ உறுதியாக நம்புவது. இவற்றில் எது தெரிந்தாலும் தாயையும் பிள்ளையையும் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மந்திரிப்பதில் கழியும் இரண்டு நாள் உயிரைக் கேட்டுவிடலாம். இதோடு குழப்பக் கூடாத ஒன்று: 'பிள்ளை கைதவறி விழுந்துவிடுமோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ' என்ற எண்ணம் மின்னல் போல வந்து, அதைக் கண்டு தாயே நடுங்கிப்போவது. வேண்டாத இத்தகைய எண்ணங்கள் தாய்மார் பலருக்கும் வருகின்றன. அந்த நடுக்கமே அவள் அப்படிச் செய்ய விரும்பவில்லை என்பதன் அடையாளம். அவளிடமிருந்து பிள்ளையைப் பறிப்பது சிகிச்சை ஆகாது.

தந்தையருக்கும் இது உண்டு, சுமார் பத்தில் ஒருவருக்கு. 3 முதல் 6 மாதத்தில் அதிகம். மனைவி நோயுற்றிருக்கும்போது கணவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. எரிச்சலாகவும் குடியாகவும் வீட்டுக்கு வராமலிருப்பதாகவும் அது வெளிப்படலாம். தாயைப் பற்றிக் கேட்கும்போது பக்கத்தில் இருக்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாய் தற்கொலை செய்துகொண்ட செய்தியை வெளியிடும்போது, குடும்பச் சண்டையால் என்ற ஒரே காரணத்தோடு முடித்துவிட வேண்டாம். எந்த முறையில் நடந்தது என்ற விவரமும் வேண்டாம். பிரசவமாகி எத்தனை மாதம் என்பதையும், உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

ஆஸ்பத்திரிகளுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கர்ப்பிணியின் அட்டையில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எழுதும் கட்டங்களுக்குக் கீழே ஒரு வரி போதும்: 'தூக்கம், மனநிலை கேட்கப்பட்டது - தேதி - எடின்பரோ மதிப்பெண் - அடுத்து பார்க்க வேண்டிய நாள்.' பழைய மனநோய், வன்முறை போன்ற விவரங்கள் கோப்பில் இருக்கட்டும்; அட்டையில் ஒரு சிறு குறியீடு மட்டும். பிரசவ அறையிலிருந்து வார்டுக்கும், வார்டிலிருந்து தடுப்பூசி அறைக்கும் அந்தக் குறியீடு கூடவே போக வேண்டும். பார்க்கிற செவிலியருக்கு அதன் பொருளும், அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மகப்பேற்றுப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர் சிலர்